நாலு செகண்டு காணாமல் போன நட்சத்திரம்

ஓரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில், யார் எத்தனை செகண்டில் போல்ட் முடுக்குகிறார்கள் என்று ஸ்டாப்வாட்சில் பார்த்துக் குறிப்பது என் வேலை. ஸ்டாப்வாட்சோடு வரும் ஆளைக் கண்டால் அசெம்பிளி லைனே முறைக்கும் என்று ஷிப்டில் அல்லாடும் உங்களுக்குத் தெரியாதா என்ன! மாறுதலுக்கு வானம் பார்க்கும் குழுவில் சேர்ந்தேன். அங்கேயும் ஸ்டாப்வாட்சைத்தான் கையில் கொடுத்தார்கள்.

பெர்மிஷன்

ஒரு குறுங்கோள், அதாவது சூரியனைச் சுற்றும் பெரிய கல், ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போகப்போகிறது. சாயங்காலம் ஏழே காலுக்கு நட்சத்திரம் நாலு செகண்டு போல மறையும். பல ஊர்களில் நேரம் குறித்துச் சேர்த்தால் கல்லின் அளவும் உருவமும் தெரிந்துவிடும். மறைவு தெரிகிற இடங்களில் பிள்ளைப்பாக்கமும் ஒன்று. அன்றைக்குப் பார்த்து எனக்கு ஓவர்டைம். திருநெல்வேலிக்கார சூப்பர்வைசர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நாலு செகண்டு சோலிக்கு நாலு மணி நேரம் பெர்மிஷனா வே? சரி, போயிட்டு வாரும்."

வயலோரம்

பிள்ளைப்பாக்கத்தில் முக்காலியை ஊன்றித் தொலைநோக்கியை மாட்டியதுமே நிலத்துக்காரர் வேலாயுதம் ஓடிவந்தார். தினமும் நிலம் கைமாறும் ஊர். சர்வே எடுக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். "நெலத்த இல்லண்ணே, வானத்துல ஒரு கல்ல அளக்கறேன்" என்றேன். மேலே அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சார், அங்கியும் கம்பெனி கட்டப் போறாங்களா?"

அடித்த வரி

நேரம் நெருங்க நெருங்கத் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இதே கல் இதே நட்சத்திரத்தை மறைப்பதை என் ஆயுளில் இன்னொரு தடவை பார்க்க முடியாது. விளக்கை அணைத்தது மாதிரி நட்சத்திரம் போயிற்று. நாலு செகண்டில் திரும்பி வந்தது. அப்பாடா என்பதற்குள் மறுபடியும் அரை செகண்டு போய் வந்தது. இரண்டையும் எழுதினேன், இரண்டாவதைக் கை தன்னால் அடித்துவிட்டது. லைனில் அதுதான் பழக்கம்: ஒருவர் ஸ்பேனரைத் தவறவிட்டால் அந்த அளவைக் கணக்கில் சேர்க்க மாட்டோம். வேலாயுதம் செல்போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தார்.

"இம்மா நேரம் காத்துக்கினு இருந்துட்டு, எழுதுனத நீங்களே அடிச்சா இன்னா சார் அர்த்தம்?"

போன்

மறுநாள், எல்லோருடைய அளவுகளையும் சேர்க்கும் மீனாட்சி மேடம் கூப்பிட்டார். படப்பையில் மொட்டை மாடியிலிருந்து பார்த்தவர் இரண்டாவதாக ஒரு குட்டி மறைவும் இருந்தது என்கிறாராம். அவர் மட்டும் சொன்னால் கண் சிமிட்டியிருப்பார் என்று விட்டுவிடலாம். இன்னொருவரும் பார்த்திருந்தால், அந்தக் கல்லைச் சுற்றி ஒரு நிலா இருக்கக்கூடும். நான் அனுப்பியது நாலு செகண்டு மட்டும்தான். டிபன் பையைக் கவிழ்த்து, கசங்கிய தாளைத் தேடியெடுத்து, அடித்த வரியை வாசித்தேன். நடந்ததையும் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டேன்.

"நல்ல வேளை, பேனாவுல எழுதினீங்க சார்! பென்சில்னா ஒரு நிலாவையே ரப்பர் வெச்சு அழிச்சிருப்பீங்க."

அன்றிலிருந்து லைனில் எந்த வரியையும் அடிக்க எனக்குக் கை வருவதில்லை; என் ரிப்போர்ட்டைப் பார்த்து மேனேஜர்தான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்.