உயிரோடிருப்பவர்களின் தனிப்படம்

தேவசகாயம் அண்ணன் போன செய்தியை எனக்குச் சொன்னவர் பிளக்ஸ் கடைக்காரர். “அண்ணே, போட்டோ ஸ்டுடியோ சார் காலையில தவறிட்டாக. ‘கண்ணீர் அஞ்சலி’ன்னு போடவா, ‘கர்த்தருக்குள் நித்திரை’ன்னு போடவா?” அருப்புக்கோட்டையில் நாலு வரி எழுதத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டதால், எனக்கு மரணங்கள் வாசகம் கேட்டே வருகின்றன. இரண்டையும் போடச் சொன்னேன். பிறகுதான் உட்கார்ந்தேன்.

அவர் யாரையும் சிரிக்கச் சொன்னதில்லை என்பது அவர் கேமராவுக்கு முன்னால் இருந்தவர்களுக்குத் தெரியும். “நான் சொல்லிச் சிரிச்சா அது என் சிரிப்புல்ல?” என்பார். படத்துக்கென்று மாட்டிக்கொண்டு வந்த முகம் அலுத்துக் கழன்று விழும்வரை சும்மா இருப்பார். வாடிக்கையாளர்கள் இதை ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. “எங்க அய்யாவ ஏன் இம்புட்டுக் கோவமா எடுத்திருக்கீக?” என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். “கோவமாத்தான இருந்தாக. பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தவுகள்ல” என்றார் அண்ணன்.

அந்தப் பிடிவாதத்தில் ஒரு தவறும் செய்தார். நரிக்குடிப் பக்கம் ஆடு வளர்ப்பவர் ஒருவரின் முகம் பிடித்துப்போய், படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கடை முகப்பில் மாட்டினார். ஒருவர் மட்டும் இருக்கும் பெரிய படத்துக்கு நம் ஊர்களில் ஒரே பொருள்தான். டவுனுக்கு வந்த சொந்தக்காரர் பார்த்துவிட்டார். மாலையும் ஒப்பாரியுமாக ஒரு வேன் போய் இறங்கியபோது, இறந்தவர் ஆட்டுக்குத் தின்னக் குழை கட்டிக்கொண்டிருந்தார். “வந்தது வந்துட்டீக, இருந்து சாப்பிட்டுப் போங்க” என்றாராம். அதன்பின் திருச்சுழி வரைக்கும் ஒருவரும் அண்ணனிடம் தனியாக உட்காரவில்லை. பேரனையோ ஆட்டுக்குட்டியையோ மடியில் வைத்துக்கொண்டார்கள். அவருடைய நல்ல படங்கள் பலவற்றின் ஓரத்தில் ஓர் ஆட்டுக்காது தெரிவது அதனால்தான். கலை விமர்சகர்கள் சிரமப்பட வேண்டாம்.

அவர் மனைவி ஜெயராணி அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு, மதுரைக்கு டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கியதோடு இந்த வேடிக்கை முடிந்தது. அக்காவின் முகம் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டு வந்தது. ஒரே ஒரு படம் என்று அண்ணன் கெஞ்சினார்.

“எதுக்கு, மாலை போடவா?”

“இல்ல ராணி. இன்னைக்கு இருக்க மொகம் நாளைக்கு இருக்காது.”

“அப்ப நாளைக்கே எடுங்க.”

அக்காவுக்குத் தெரியாமல் எடுங்களேன் என்று நானே சொல்லிப் பார்த்தேன். “கேக்காம எடுத்தா திருட்டு” என்றுவிட்டார். பாளையம்பட்டி வீட்டுச் சன்னலோரம் தினமும் ஒரு நாற்காலியைப் போட்டுக் காத்திருந்தார். அக்கா அதில் துவைத்த துணியைக் காயப்போட்டார்.

கடைசியில் நெஞ்சு வலித்து முந்திக்கொண்டவர் அண்ணன்தான். அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின் அக்கா அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அண்ணனின் கேமராவை என்னிடம் நீட்டி, “எடுங்க தம்பி” என்றார்.

“இப்ப எதுக்குக்கா?”

“கேட்டுக்கிட்டே இருந்தாகள்ல.”

அந்தக் கருவியில் எனக்குத் தெரிந்தது ஒரு பொத்தான். அண்ணனைப் போலக் காத்திருந்து பார்த்தேன். கழன்று விழ அக்காவின் முகத்தில் எதுவும் மிச்சமில்லை. அழுத்தினேன். சன்னல் கம்பி தெளிவாக விழுந்தது, அக்கா மங்கலாக.

அண்ணன் நினைவாக நான் வைத்திருப்பது அந்தப் படம் ஒன்றுதான். இந்த வாரம் டயாலிசிஸுக்கு மதுரைக்குப் போக மாட்டேன் என்றுவிட்டார் அக்கா. என்னைப் பார்க்கும்போதெல்லாம், “பெருசாக்கியாச்சா தம்பி?” என்று கேட்கிறார். இன்னும் கடையில் கொடுக்கவில்லை என்கிறேன்.