சயான் தண்டவாளத்தில் கேட்ட பறை

பேய், ஆவி, காத்து கறுப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் பாதிதான். நவி மும்பை ஐரோலியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறேன். இது சரியாக ஓடுகிறது என்று ஒருவர் சொன்னால் அதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பவில்லை என்றால் கோபப்பட மாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் முகத்தை இப்படித்தான் வைத்துக்கொண்டு கேட்டிருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நான் மான்குர்த்தில் பிறந்து வளர்ந்து தாராவிக்கு வாழ்க்கைப்பட்டவள். என் மாமனார், மாமா என்றுதான் கூப்பிடுவேன், தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். கல்யாண வீடோ காதுகுத்தோ, நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அவர் ஒரு கதையைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். அவருடைய தாத்தா மாடசாமியின் கதை.

மாடசாமி ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்டபோது, கப்பலில் இடம் கிடைக்காத நம் ஜனங்கள் காட்டு வழியாகவும் மலை வழியாகவும் நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவர். மற்றவர்கள் பானையும் படுக்கையுமாகச் சுமந்து வர, அவர் பெண்டாட்டி பிள்ளையோடு பறையையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். உயிருக்கே உத்தரவாதம் இல்லாத நேரத்தில் இது எதற்கு என்று கூட வந்தவர்கள் சிரித்தார்களாம். மலை ஏறியதும் மூட்டம். முன்னால் போகிறவர் முதுகு தெரியாது, வழி தவறியவர்கள் திரும்பி வரவே இல்லை. அப்போதுதான் மாடசாமி கூட்டத்துக்கு முன்னால் போய்ப் பறையை அடிக்க ஆரம்பித்தார். சத்தம் எங்கேயோ அங்கே வழி. அவ்வளவு ஜனமும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வந்தது.

இதுவரைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. மிச்சக் கதையில்தான் சந்தேகம். வழியில் ஓர் ஆற்றங்கரையில் மாடசாமி காய்ச்சலில் செத்துப்போனார். பறையை அவர் நெஞ்சில் வைத்தே புதைத்தார்கள். மறுநாளும் மூட்டம், மழை. மறுநாளும் முன்னால் அதே அடி கேட்டது. மணிப்பூர்ப் பக்கம் இறங்கி, வெள்ளைக்காரன் போட்ட முகாம் கண்ணில் படுகிற வரை கேட்டதாம்.

கல்யாணமான புதிதில் நான் மாமாவிடம் கேட்டிருக்கிறேன், செத்தவர் அடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மழையில் தோல் எப்படிப் பேசும், பறையைத் தீயில் காய்ச்சித்தானே அடிக்க வேண்டும் என்று. அவர் என்னை முறைக்கவில்லை. “மழையில தோலு தொங்கிப் போவும்னு எனக்கும் தெரியும் தாயி. ஆனா கேட்டிருக்கே, என்ன செய்யச் சொல்லுத?” என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கதை எங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை மாட்டுங்காவில் ஒரு ஹாலில் விழா. மேடையில் ஒருவர், நல்ல உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர், தன் குடும்பமும் பர்மாவிலிருந்து நடந்து வந்தது என்றும், மூட்டத்தில் சாமியே உடுக்கை அடித்து வழி காட்டியது என்றும் பேசினார். கை தட்டினார்கள். மாமா எழுந்து நின்றார். “அது சாமி இல்லய்யா. எங்க தாத்தா மாடசாமி. அது உடுக்கை இல்ல, பறை” என்றார். சத்தம் போடவில்லை, விலாசம் கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு யாரும் கை தட்டவில்லை. அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதில் எனக்கு எப்போதுமே பெருமைதான். ஆனாலும் பெருமை வேறு, நம்பிக்கை வேறு. செத்தவர் அடித்தார் என்பதை நான் நம்பவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஜூலையில் ஒரு மழை. மும்பை மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானமே ஆபீஸில் எல்லாரையும் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். ஐரோலியிலிருந்து தானே வரை வந்து, அங்கே ஸ்லோ லோக்கலில் லேடீஸ் பெட்டியில் ஏறினேன். குர்லா தாண்டி, சயானுக்கு முன்னால் ரயில் நின்றது. விசிறி நின்றது, விளக்கு அணைந்தது. எதிர் சீட்டில் சாயா என்று ஒரு மராட்டிப் பெண், சயான் கோலிவாடாவில் வீடு. பக்கத்தில் அவள் அம்மா, கண் ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு இருந்தார். பேச்சுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் ஏறிக் கீழ்ப்படிக்கட்டைத் தொட்டதும் ஒவ்வொருவராக இறங்கினார்கள், நாங்களும் இறங்கினோம்.

சாயங்காலம்தான், ஆனால் இருட்டிவிட்டது. தண்ணீர் தொடை வரை. தண்டவாளம் எங்கே, கல் எங்கே, எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் நாலா, பெரிய சாக்கடைக் கால்வாய், ஓடுகிறது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும், அதன் விளிம்பு எது என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு முன்னால் இறங்கின ஆண்கள் குரல் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் மழையில் போய்விட்டது. முன்னால் போன ஒரு பெண் காலை வைத்தாள், கழுத்து வரை இறங்கிவிட்டாள். துப்பட்டாவைப் பிடித்து இழுத்துத்தான் அவளைக் காப்பாற்றினார்கள். அதன் பிறகு ஒருத்தியும் அடி எடுத்து வைக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ரயிலும் தெரியவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்துகொண்டிருந்தது. சாயாவின் அம்மா, என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று மராட்டியில் சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் அப்போது ஏழு வயதில் என் மகள், அவள் முகம் மட்டும்தான் நினைவில் இருந்தது.

அப்போது கேட்டேன்.

முதலில் தகரக் கூரையில் மழை விழுகிறது என்று நினைத்தேன். அப்புறம், கணபதி விழா வருகிறதே, விழா நடத்தும் ஏதோ மண்டல் பையன்கள் டோல் தாஷா மேளம் ப்ராக்டிஸ் செய்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. மான்குர்த்தில் சாவுக்கும் கோயில் கொடைக்கும் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது இது. அது பறை. அதுவும் அப்போதுதான் தீயில் காய்ச்சி எடுத்ததுபோல் கணீரென்று, எங்களுக்கு முன்னால், கொஞ்சம் இடது பக்கமாக. ‘சலோ’ என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. நடந்தேன். எனக்கு முன்னால் ஓர் ஆள் போய்க்கொண்டிருந்தார், கூட இறங்கின பெண்களில் ஒருத்தி என்று நினைத்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். என்னைவிடக் குட்டை. கம்பளி மாதிரி சொரசொரப்பான துணி. என் முதுகுப் பையை யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள். அடி நின்றால் நின்றோம், திரும்பினால் திரும்பினோம். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். காலுக்குக் கீழே சயான் பிளாட்பாரத்தின் சரிவு தட்டுப்பட்டது, மேலே நின்றவர்கள் கையை நீட்டித் தூக்கிவிட்டார்கள். முன்னால் வந்தவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லலாம் என்று தேடினேன். அந்தக் கூட்டத்தில் யாரென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பை முதுகில் இருந்தது, டிபன் டப்பா மட்டும் கையில் இருந்தது. அதை எப்போது வெளியே எடுத்தேன் என்று தெரியவில்லை. சாப்பாட்டின் மேல் அவ்வளவு ஆசையா என்று என் வீட்டுக்காரர் முருகேசன் கேலி செய்தார். மூடியெல்லாம் நசுங்கியிருந்தது, என் விரல்கள் வீங்கியிருந்தன. எதிலோ இடித்துக்கொண்டேன் என்று விட்டுவிட்டேன். பறைச் சத்தம் கேட்டதைச் சொன்னேன், ஏதாவது மண்டலாக இருக்கும் என்றார். நானும் சரி என்றேன். தோளைப் பிடித்து வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது?

சில வாரங்கள் கழித்து தானேயில் ரயில் ஏறினேன். சாயா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பெட்டியில் இருந்தவர்களிடமெல்லாம், எங்களையெல்லாம் கூட்டிவந்தவள் இவள்தான் என்று சொன்னாள். நான் எங்கே கூட்டிவந்தேன், நானும் சத்தத்தைக் கேட்டுத்தானே வந்தேன் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். எல்லாரும் நகராமல் நின்றபோது நான் பையைத் திறந்து டப்பாவை எடுத்தேனாம். இடது இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஒரு கையில் ஸ்பூன், மறு கையில் வெறும் விரல், அடிக்க ஆரம்பித்தேனாம். அடித்துக்கொண்டே முதல் ஆளாக நடந்தேனாம். பின்னாலிருந்து எத்தனையோ முறை கூப்பிட்டும் திரும்பவே இல்லையாம். ஒரு கையில் அம்மாவையும் மறு கையில் என் பையையும் பிடித்துக்கொண்டு வந்தவளே அவள்தான்.

எனக்கு முன்னால் போனது யார் என்று கேட்டேன்.

“துஜ்யா புடே?” என்றாள். “கோணீச் நவ்ஹதம்.” உனக்கு முன்னாலா, யாருமே இல்லையே என்று அர்த்தம்.

என் வாழ்க்கையில் நான் பறை தொட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பெண்கள் தொட மாட்டார்கள், எனக்கு யாரும் சொல்லித் தந்ததும் இல்லை. வீட்டில் போய் டப்பா சமாசாரத்தை மட்டும் சொன்னேன். மாமா டப்பா மூடியை வாங்கி, நசுங்கின இடங்களை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அடித்துக் காட்டச் சொன்னார். மேஜையில் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அவர் டப்பாவைக் கழுவித் துடைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதில் இப்போது யாரும் சாப்பிடுவதில்லை.

அதிலிருந்து மாமா கதை நீண்டுவிட்டது. மாடசாமியில் தொடங்கி என் டப்பாவில்தான் முடிப்பார். அப்படித்தான் அம்பர்நாத்தில் ஒரு கல்யாணத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே ராஜக்கனி என்று ஒரு பெரியம்மா, ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. அவருடைய அம்மாவும் அதே கூட்டத்தில் நடந்து வந்தவராம். கதை முடிந்ததும் பந்திக்குப் போகாமல் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“ஆம்பளைங்க சொன்னா அவுக மட்டுக்குத்தான் சொல்லுவாக. நான் எங்க அம்மை பாத்ததைச் சொல்லுதேன், கேளு. பறை அவரோட குழிக்குப் போயிட்டு. மறுநாள் அடிச்சது தோல் இல்ல, பித்தளை வட்டில், சாப்பிடுத வட்டில். அடிச்சது அவரு பொஞ்சாதி.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழையில் தோல் எப்படிப் பேசும் என்ற என் கேள்விக்குப் பதில் இத்தனை வருடமாக அம்பர்நாத்தில் இருந்திருக்கிறது. புருஷனைப் புதைத்த மறுநாள் காலையில் ஒரு பெண் வட்டிலை எடுத்துக்கொண்டு அவ்வளவு ஜனத்துக்கும் முன்னால் நடந்திருக்கிறாள், அவளைச் சாமி என்றும் ஆவி என்றும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். இதை மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். பெரியம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“இன்னும் இருக்குட்டி. முகாமுக்கு வந்து சேர்ந்ததும் எல்லாரும் அவ காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்காக. அவளுக்கு ஒண்ணும் புரியலயாம். நான் எங்க அடிச்சேன், அவருல்லா அடிச்சாரு, நான் அவரு தோளப் பிடிச்சிக்கிட்டுப் பின்னால வந்தேன்னு சொன்னாளாம்.”

தோளைப் பற்றி நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சாயாவிடம்கூடச் சொல்லவில்லை. இதை எப்படி வேண்டுமானாலும் சோதித்துப் பாருங்கள், நானும் என் தொழில் புத்தியோடு எத்தனையோ முறை சோதித்துவிட்டேன். எங்கேயும் ஓட்டை இல்லை.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அப்போ எங்க தாத்தாவ விட எங்க ஆச்சி பெரிய ஆளு” என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். இப்போது கதை சொல்லும்போது ஆச்சியை முன்னால் வைத்துத்தான் சொல்கிறார். மாட்டுங்கா ஹாலுக்கே போய் இன்னொரு முறை சொல்லிவிட்டு வந்தார். இந்த முறை கை தட்டினார்கள்.

ஒரே ஒரு குறை. அந்த ஆச்சியின் பெயர் எங்களுக்குத் தெரியாது. ரங்கூனில் பிறந்து ரங்கூனிலேயே வாழ்க்கைப்பட்டவர், ஊரில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டார். கூட வந்தவர்கள் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ஐந்து வயதுப் பிள்ளைக்கு, அதாவது மாமாவின் அப்பாவுக்கு, அம்மா என்பதற்கு மேல் தெரியவில்லை. ராஜக்கனி பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. விசாரிக்காத ஆள் இல்லை. நான்கு பேருக்கு முன்னால் கதை அந்த இடத்துக்கு வரும்போது மாமா நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், எனக்குத் தெரியும் என்பதுபோல. நான் இல்லை என்று தலையை ஆட்டிவிடுவேன்.

ஆனால் உங்களிடம் சொல்கிறேன். மழை பிடித்துக்கொண்ட நாட்களில், ரயில் குர்லாவைத் தாண்டும்போது, அந்தப் பெயர் என் வாய் வரைக்கும் வருகிறது. உதடு இரண்டும் சேர்ந்து தொடங்குகிற பெயர். அதற்கு மேல் இதுவரை வரவில்லை.