தலையணைக்குள் ஒரு குடித்தனம்

"பாயை விரிச்சுப்போடுங்க அம்மணி. ஓரத்தை என்ற பக்கம் திருப்புங்க."

வாசலில் புதுக் குடித்தனக்காரர்களின் சாமான் இறங்கிக்கொண்டிருக்கும். ராமாத்தாள் கொண்டை ஊசியை உருவி, பாயின் ஓரமடிப்பைக் கிளறுவாள். நாடாக் கட்டில் வந்தால் நாடா முழுவதையும் அவிழ்த்தாக வேண்டும். சட்டத்தின் பொருத்துகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவாள். எட்டாம் நாள் மறுபடியும் ஊற்றுவாள். "முட்டை பொரிச்சிருக்குமுங்க" என்பாள். சோமனூரில் தறி ஓட்ட வருகிறவர்களுக்கென்று அவள் கணவர் கட்டிவிட்டுப் போன ஆறு லைன் வீடுகளிலும், இந்தச் சோதனை முடியாமல் யாரும் அடுப்புப் பற்றவைத்ததில்லை.

மூட்டைப்பூச்சி என்றாலே "அட சாமீ!" என்று நெஞ்சில் கைவைத்துக்கொள்வாள். முகம் வெளுத்துவிடும். சுவரில் விரிசல் கண்டால் அன்றைக்கே சுண்ணாம்பு பூசியாக வேண்டும். யாராவது பழைய மரச்சாமான் வாங்கிவந்தால் அது தெருவைத் தாண்டி உள்ளே வராது.

இப்பேர்ப்பட்டவளுக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, வெள்ளிக்கிழமை மேட்னி. மற்றொன்று, சாயங்கால டிவி நாடகம். இடுப்புவலிக்காரி; டாக்கீஸ் பெஞ்சும் ஆகாது, வெறுந்தரையும் ஆகாது. சிவப்பு வெல்வெட் உறை போட்ட சின்னத் தலையணை ஒன்றை எங்கே போனாலும் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள். திரும்பியதும் அதை வாசல் ஆணியில் மாட்டிவிடுவாள். அப்போது டிவி இருந்தது நாலாம் நம்பர் வீட்டில், தறிக்காரன் ஜெரோம் வாங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஜெரோமின் மனைவி தினமும் சுவரோரம் இடம் ஒதுக்கிக் கொடுப்பாள்.

தை மாதம் அந்த வீட்டுப் பாயில் மூட்டைப்பூச்சி. ராமாத்தாள், "எத்தனை சொன்னாலும் இவியளுக்குச் சுத்தம் வருமா?" என்று லைன் முழுக்கக் கேட்கக் கத்தினாள். பாயை நடுவாசலில் போட்டுக் கொளுத்தினாள்.

"தெனமும் ஒதறித்தானுங்கம்மா போடறோம்" என்று அழுதாள் ஜெரோமின் மனைவி. ராமாத்தாள் காதில் வாங்கவில்லை. மூன்றே நாளில் வீட்டைக் காலி செய்யவைத்தாள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்பார்கள். இவள் கொளுத்தியது ஒரு குடும்பத்தின் பேரை. அவர்கள் போய்ச் சேர்ந்த பள்ளிக்கூடத்துத் தெருவுக்கும் அந்தப் பேச்சு கூடவே போய்விட்டது. 'பூச்சி ஊட்டுக்காரங்க' என்றார்கள். அவர்கள் பிள்ளையோடு விளையாட ஒரு பிள்ளையையும் விடவில்லை.

அதற்காக நாடகத்தை விட முடியுமா? புதிதாக டிவி வாங்கியிருந்த இரண்டாம் நம்பர் சின்னாத்தாள் வீட்டுக்கு ராமாத்தாள் போக ஆரம்பித்தாள். பங்குனியில் அந்த வீட்டிலும் பூச்சி!

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. நீங்க உக்கார்ற எடத்துல மட்டுந்தானுங்க இருக்குது" என்றாள் சின்னாத்தாள், தயங்கித் தயங்கி.

முதலில் கோபம்தான் வந்தது. என்னையா சொல்கிறாள்! விடுவிடுவென்று வந்து, வாசல் ஆணியில் தொங்கிய தலையணையை எடுத்து, தையலைப் பிளேடால் கீறினாள்.

உள்ளே கரும்புள்ளிகள். ரவை கொட்டியதுபோல் வெள்ளை முட்டைகள். தையல் நெடுக, தின்று கொழுத்து, நகரக்கூட மனமில்லாமல் பூச்சிகள். "அட சாமீ" என்று சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. டாக்கீஸ் பெஞ்சிலிருந்து வாராவாரம் அவளேதான் கூட்டிவந்திருக்கிறாள். ஊரார் பாயையெல்லாம் கிளறியவள், தன் கக்கத்தில் இருந்ததை ஒருநாளும் கிளறவில்லை. கொதிக்கும் வெந்நீரை அதன்மேல் ஊற்றிவிட்டு, ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த ஜெரோம் ஊட்டுப் புள்ளைய அத்தனை பேரு முன்னால அழ வெச்சுப்போட்டேனே" என்று சொல்லிச் சொல்லிக் கையைப் பிசைந்தாள்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துத் தெருவுக்குப் போனாள். தண்ணீர் வரும் நேரம். குழாயடியில் குடங்களோடு பத்துப் பதினைந்து பெண்கள். ஜெரோமின் மனைவி எல்லோருக்கும் கடைசியில், தள்ளி நின்றிருந்தாள். ராமாத்தாளைக் கண்டதும் அவள் முகம் இறுகிவிட்டது. ஆனாலும் "வாங்கம்மா" என்றாள்.

"கண்ணு, பூச்சி உன்ற ஊட்டுது இல்ல. என்றது. நாந்தான் தலையணையில கொண்டாந்து உன்ற ஊட்டுல உட்டேன்."

உரக்கத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவளைவிட்டு ஓரடி விலகினார்கள். ராமாத்தாள் அதைப் பார்த்தாள். வரிசையின் அந்தக் கோடியில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது என்று, குழாய்ப் பக்கம் நாலெட்டு நடந்துபோய், மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.