செவலையின் முட்டைகளும் ஸ்டெல்லாவின் பென்சிலும்

அடைகாக்கும் கோழியின் வயிற்றுக்கு அடியில் கைவிட்டால் காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தைத் தொட்டது போல ஒரு சூடு தெரியும். கூடவே வைக்கோலும் எச்சமும் கலந்த வாடை, தொண்டைக்குள்ளேயே ஒரு உறுமல். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் பழைய கூடையொன்றில் "அடை" படுத்திருந்த செவலைக் கோழி, வீட்டில் என்னைத் தவிர யார் கை நீண்டாலும் கொத்திவிடும். அந்தப் பெருமையில்தான் நான் ஏழாம் வகுப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா மில்லில் வேலை பார்த்தார். அக்கா கமலா விலங்கியலில் எம்.எஸ்ஸி. படித்தாள். முட்டைக்குள் கோழிக்குஞ்சின் கால் எப்படி உருவாகிறது என்பது அவளுடைய ஆய்வு. கல்லூரியில் முட்டைகளைச் சூடாக வைத்திருக்கும் பெட்டி பழுதாகிப் போனதால், "சேவல் மிதிச்ச" முட்டைகளாகப் பார்த்து வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி போட்டு, என் கையால் செவலையின் கீழ் வைக்கச் சொன்னாள். என் கோழி, என் அக்கா. ஆகவே ஆய்வும் பாதி என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவள் படம் வரையக் கூப்பிட்டது ஸ்டெல்லாவை. என் வகுப்புத்தான், நாலு வீடு தள்ளி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் "சொல்தா" வீட்டுப் பெண். பிரான்சிலிருந்து பெரியப்பா அனுப்பிய கலர் பென்சில் பெட்டி அவளிடம் இருந்தது. பென்சில் போகட்டும், கையும் இருந்தது. பார்த்ததைப் பார்த்தபடி தாளில் இறக்கிவிடுவாள்.

அக்கா வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர்க் கிண்ணத்தில் முட்டையை மெல்ல உடைத்து ஊற்றுவாள். மூன்றாம் நாள் முட்டையில், மஞ்சள் கருவின் மேல் சிலந்திவலை போல ரத்த இழைகள் பரவி, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்தது. "இதயம்டி, பாரு பாரு," என்று அக்கா லென்ஸை நீட்டியது ஸ்டெல்லாவிடம். எனக்குச் சொன்னது, "ஈ வருது, கதவச் சாத்து." முட்டையை எடுத்துக் கொடுப்பது நான், சுடுதண்ணீர் கொண்டுவருவது நான். அக்காவின் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தவள் அவள். நானும் ஒருநாள் குளியலறையில் ஒளிந்துகொண்டு வரைந்து பார்த்தேன். முளைவிட்ட மொச்சைக்கொட்டை மாதிரி வந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன்.

நாள் ஏற ஏற, துடுப்பு போலிருந்த காலில் விரல்கள் பிரிந்தன. "நடுவுல இருக்கற சதை செத்துப் போவுது, அதாலதான் வெரல் பிரியுது. வாத்துக்கு அது சாவறதில்ல, அதான் தோல் ஒட்டியே இருக்கு," என்று அக்கா சொன்னதும் ஸ்டெல்லாவிடம்தான். அடுப்படியில் இருந்து அம்மா, "உசுரு வர்ற நேரத்துல ஒடைக்கறீங்களே, அந்தக் கோழி வயிறு எரியாதா?" என்று முணுமுணுப்பாள். நானும் முதல் நாளிலிருந்தே, செவலைக்கு ஒரு குஞ்சாவது விட்டுவை என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். "போடி, ஆராய்ச்சின்னா வெளையாட்டா?" என்று அக்கா சிரித்தாள்.

பத்தாம் நாள் முட்டையை உடைத்தபோது, உள்ளே இருந்தது காலை உதைத்தது. ஸ்டெல்லா பென்சிலைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினாள். எனக்கு உள்ளுக்குள் வெல்லம் கரைந்தது. காலியான இடத்தில் போய் உட்கார்ந்து, லென்ஸுக்குக் கை நீட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டெல்லாவைத் தேடிப் போனாள்.

பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். ஸ்டெல்லா முழங்காலில் முகம் புதைத்திருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அப்படித் தடவியதாக நினைவில்லை.

"மிச்ச முட்டைய ஒடைக்கலன்னா வரையறேன்க்கா."

"சரிடி. ஒடைக்கல. போதுமா? வா."

அவ்வளவுதான். நான் பத்து நாளாகக் கேட்டது, அவள் கேட்டவுடன் கிடைத்தது. வீட்டுக்கு வந்து கூடைக்கு அருகில் உட்கார்ந்து அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அம்மா கேட்டதற்கு, கோழி கொத்திவிட்டது என்றேன்.

மிச்சமிருந்த மூன்று முட்டைகளில் இரண்டு பொரிந்தன. குஞ்சுகளைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் அவை ஸ்டெல்லா கேட்டு வாங்கிய குஞ்சுகளாகவே தெரிந்தன. அந்த வருடம் கல்லூரிக் கண்காட்சியில் அக்காவின் ஆய்வு வைக்கப்பட்டது. அப்பா சைக்கிளில் கூட்டிப்போனார். கண்ணாடிச் சட்டத்துக்குள் பிஞ்சுக் கால்கள் வரிசையாக, ஒவ்வொரு நகமும் தெரிய. கீழே "படம்: ஸ்டெல்லா" என்று எழுதியிருந்தது. செவலையின் பெயரோ என் பெயரோ எங்கேயும் இல்லை. அப்பா, "அந்தப் பொண்ணு கையே கை," என்றார்.

அடுத்த சில வருடங்களில் ஸ்டெல்லாவின் குடும்பம் பிரான்சுக்குப் போனது. அக்கா கல்யாணமாகிப் போய், கடலூரில் பள்ளிக்கூட ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டாள். மில் சங்கு ஊதுவதில்லை. எங்கள் பின்புறத்தில் இப்போது மோட்டார் சைக்கிள் நிற்கிறது. தெருவில் கோழி வளர்ப்பவர் யாருமில்லை. அந்தப் படங்கள் எங்கே போயினவென்று கல்லூரியில் யாருக்கும் தெரியவில்லை.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். முட்டைக்குள் இதயம் துடிப்பதை யாரோ எடுத்துப் போட்டிருந்த வீடியோவைத் தேடிப் பிடித்து, என் போனில் அவளுக்குக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஸ்டெல்லா வரைஞ்சதுல இதவிடத் தெளிவா தெரிஞ்சுது, இல்ல?"

போனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, காபி போடுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.