ஐந்து வீட்டுக்கு ஒரு மீட்டர்

மூடிய டப்பாவுக்குள் ஒரு வண்டு கிடந்து முனகுவது போல இருக்கும் அந்தச் சத்தம், காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும். திருநெல்வேலி டவுனில் நாங்கள் குடியிருந்த வளவின் வாசல் நடையில் கறுப்பு மீட்டர் பெட்டி ஒன்று இருந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளிச் சக்கரம் படுத்தவாக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும், விளிம்பில் இருந்த கறுப்புப் பொட்டு ஒருமுறை வந்து முகம் காட்டிவிட்டுப் போய்விட்டால் மறுபடி வரும்வரை யாராவது ஒருத்தி அங்கே நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வளவு என்றால் ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக ஐந்து வீடுகள். ஐந்துக்கும் சேர்த்து அந்த ஒரே மீட்டர். ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் கணக்கெடுத்ததும், எந்த வீட்டில் எத்தனை விளக்கு, எத்தனை மின்விசிறி என்று 'பாயிண்டு' எண்ணிப் பங்கு போடுவார்கள். பங்கு போடுவது, ஐந்தில் ஒரு வீட்டில் இருந்த வளவுச் சொந்தக்காரி பிரமு அத்தை. நான் கல்யாணமாகி வந்த புதிது, தொண்ணூறுகளின் தொடக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்கவே வராது. தண்ணீர் எடுக்கப் போனாலும் எல்லாரும் எடுத்துப் போன பிறகுதான் குடத்தோடு போவேன். அந்தக் கூச்சத்தை அங்கே திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஆலையில் எப்போதும் 'ராத்திரி ஷிப்ட்'. விடிந்து வந்து, எட்டு மணிக்குப் படுத்தால் சாயங்காலம் நாலு மணிவரை உறக்கம். வெளிச்சம் படக்கூடாது என்று கதவைச் சாத்தி, மேஜை மின்விசிறியைக் காலடியில் வைத்துவிடுவேன். நாங்கள் ஆனித் தேர் முடிந்த கையோடு குடி வந்தோம். அதற்கடுத்த கணக்கிலேயே யூனிட் நூறுக்கு மேல் கூடிப்போனது, அதற்கும் அடுத்ததிலும் குறையவில்லை. புதிதாக வந்தது யார்? நாங்கள். பகலில் கதவைச் சாத்துவது யார்? நாங்கள்தான்.

"பட்டப்பகல்ல கதவ அடைச்சிக்கிட்டு உள்ள என்னத்தச் செய்யுதா? வெந்நி போடுத கரண்டுக் கம்பி வச்சிருக்காளோ என்னமோ," என்று எதிர்வீட்டுச் செண்பகம் மதினி எனக்குக் கேட்கும்படியே சொல்லுவாள். சந்தேகம் ஒரு வீட்டோடு நிற்குமா? நானும் சுவரில் காதை வைத்து, மதினி வீட்டில் மிக்ஸி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்க ஆரம்பித்தேன். யார் வீட்டில் இஸ்திரி போட்ட வாசனை வருகிறது என்று மூக்கு தானாகத் தேடியது.

கடைசியில் பிரமு அத்தை நேரிலேயே வந்து சொல்லிவிட்டாள். "ஏட்டி, பகல்ல ஃபேன் ஓடப்படாது. முடியாதுன்னா பங்குனிக்குள்ள வேற வீடு பாத்துக்கிடுங்க."

மாசி பிறந்து வெயில் ஏறியிருந்த நேரம் அது. விசிறி மட்டையால் வீசிக்கொண்டே நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவர் புரண்டுகொண்டே கிடப்பார். ஒருநாள் காலையில் சட்டைக் கை முழங்கைவரை கிழிந்து தொங்க வந்தார். மிஷின் முன்னால் நின்றபடியே கண் சொருகிவிட்டதாம், பெல்ட்டு இழுத்துவிட்டதாம். "சட்டையோட போச்சு, விடு," என்றார்.

கணக்கெடுக்க வருகிறவரிடம் கதவிடுக்கில் நின்றே கேட்டேன், யூனிட் என்றால் என்னவென்று. "பல்புல போட்டிருக்க நம்பருதாம்மா வாட்டு. ஆயிரம் வாட்டு ஒரு மணி நேரம் எரிஞ்சா ஒரு யூனிட்டு," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வளவுக்குப் போய்விட்டார். எனக்குத் தெரிந்த வாய்ப்பாட்டை வைத்துப் போட்டுப் பார்த்தேன். எங்கள் மின்விசிறி அறுபது வாட். ஒரு பகல் உறக்கத்துக்கு அரை யூனிட்கூட வரவில்லை, ரெண்டு மாசத்துக்கு முப்பதுக்குள் அடங்கியது. அப்படியானால் மிச்சம் யார் வீட்டில் ஓடுகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரமு அத்தை எல்லாரையும் கூப்பிட்டாள். எல்லா வீட்டிலும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்ப்பது, சக்கரம் நின்றால் சரி, சுற்றினால் எவளோ திருட்டுத்தனமாக எதையோ ஓட்டுகிறாள். அணைத்தார்கள். சக்கரம் நிற்கவில்லை, பைய நகர்ந்துகொண்டே இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு செண்பகம் மதினி என் வீட்டுக்குள்ளேயே நுழைந்து அரிசிப் பானைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தாள். கட்டிலில் வேர்வையோடு எழுந்து உட்கார்ந்த அவர், வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, "என்ன மதினி தேடுதிய?" என்றார்.

அவமானத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நான் சாமி படத்தைப் பார்த்தேன். அதற்கு முன்னால் சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் வந்த அந்த ஆனித் தேர்க்கடையில் மொத்தமாக வாங்கி, வீட்டுக்கொன்றாகப் பிரமு அத்தையே கொடுத்தது, வாசல் பிள்ளையாருக்கும் ஒன்று. 'ஜீரோ வாட்' என்று பெயர். ஜீரோ என்றால் கரண்டு குடிக்காது என்பதால் அதைப் பாயிண்டிலும் சேர்ப்பதில்லை, இரவு பகல் அணைப்பதும் இல்லை. எல்லாவற்றையும் அணைத்த அன்றும் அதை யாரும் தொடவில்லை. குடிக்காத பல்பை எதற்கு அணைக்க?

நான் என் வீட்டுப் பல்பை அணைத்துவிட்டு மீட்டரடியில் போய் நின்றேன். பொட்டு முன்னைவிடத் தாமதமாக வந்தது. எப்படிச் சொன்னேனோ, "அத்தை, உங்க வீட்டுச் சாமி பல்பையும் அணைச்சுப் பாருங்களேன்," என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஆத்தாடி, நல்லா இருக்கே! தப்பிக்கதுக்குச் சாமி வெளக்கையே அணைக்கச் சொல்லுதா பாருங்க," என்றாள் மதினி.

பிரமு அத்தை உள்ளே போய் அணைத்தாள். அப்புறம் ஒவ்வொரு வீடாக, கடைசியில் பிள்ளையாரும். ஆறாவது பல்பு அணைந்ததும் சக்கரம் நின்றது. முற்றத்து நூறு வாட் குண்டு பல்பை மட்டும் போடச் சொல்லி எண்ணினேன். அறுபது எண்ணுவதற்குள் பொட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அதை அணைத்து, ஆறு சிவப்பு பல்பை மட்டும் போட்டபோது அறுபதைத் தாண்டிச் சில எண்கள். எங்கள் மின்விசிறிக்கோ நூறு எண்ண வேண்டியிருந்தது. அப்படியானால் ஆறு ஜீரோவும் சேர்ந்து தொண்ணூறு வாட்டாவது இருக்கும். பதினொரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட், ஒரு நாளைக்கு ரெண்டு, ரெண்டு மாசத்துக்கு நூற்றிருபதுக்கு மேல். அத்தனையும் எங்கள் உறக்கத்தின் தலையில் விழுந்திருந்தது.

"ஜீரோன்னுதான கடைக்காரன் சொன்னான்," என்றாள் பிரமு அத்தை. சொல்லும்போது அவள் மீட்டரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மற்றவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். அவள் முகத்தில் மட்டும் ஆச்சரியத்தை நான் காணவில்லை. கூச்சக்காரிக்கு வாய்தான் ஓடாது, கண் நன்றாக ஓடும்.

மின்விசிறிக்குப் போட்ட தடையும் வீட்டைக் காலி செய்யும் பேச்சும் அதோடு நின்றன. மன்னிப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மத்தியானம் முற்றத்தில் பிள்ளைகள் பம்பரம் விட்டுக் கத்தியபோது பிரமு அத்தையின் குரல் கேட்டது. "ஏலே, சத்தம் போடாதிய. அங்கன அண்ணாச்சி உறங்குதாருல்லா?" நாங்கள் அங்கே இருந்தவரை தினமும் அந்தக் காவலை அவள் செய்தாள்.

இப்போது அந்த வளவு இருந்த இடத்தில் மாடி வீடுகள், வீட்டுக்கொரு மீட்டர். சக்கரமும் இல்லை, பொட்டும் இல்லை. எண்கள் மட்டும் மாறிக்கொண்டிருக்கின்றன, யாரும் நின்று பார்ப்பதில்லை. பிரமு அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்று அவள் பிள்ளைகளை அதட்டியது எங்கள் மேல் இரக்கப்பட்டா, இல்லை, பல்பின் சேதி முன்னமே தெரிந்திருந்தும் என்னைக் குற்றவாளியாக நிற்க விட்டோமே என்ற உறுத்தலினாலா? அந்த அதட்டலில் என் வீட்டுக்காரர் நிம்மதியாக உறங்கினார். நான்தான் பக்கத்தில் கண் விழித்தபடி, அவள் குரலில் எது இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன்.