செய்தித்தாள் நனையக்கூடாது

பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் அவருக்கு மழைக்காரர் என்று பெயர். கட்டி முடித்த ஒவ்வொரு பஸ்ஸின் மேலும் கால் மணி நேரம் தண்ணீரைக் கொட்டுவார்கள். உள்ளே அவர் மடியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு சீட் சீட்டாக மாறி உட்காருவார். தாளில் ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த பஸ் வாசலைத் தாண்டாது. முதலாளி சிபாரிசுகூட எடுபடாது.

"ஊர் பஸ்ஸுக்கெல்லாம் கூரை பாக்கறீங்க, நம்ம அடுப்படி மட்டும் ஒழுகுது!" என்று ஒருநாள் மனைவி பட்டறை வாசலுக்கே வந்து மானத்தை வாங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சகாக்கள் வந்து, மிச்சத் தகரத்தில் அடுப்படிக்குப் புதுக்கூரை போட்டார்கள். இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தால், கைப்பழக்கத்தில் நட்டநடுவில் பஸ் கூரையில் வைக்கும் அவசரக் கதவையும் சிவப்புக் கைப்பிடியோடு பொருத்தியிருந்தார்கள். வெல்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளோ கைப்பிடியைத் திருப்பி, அடுப்புப் புகை மேலே ஓடுவதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள்.

மறுநாளே மழை கொட்டியது. மழைக்காரர் கதவை இழுத்து மூடிவிட்டு, செய்தித்தாளை எடுத்துவர ஓடினார். திரும்பி வந்தால், கதவுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு, மடியில் பழைய தாளை விரித்து அவள் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் கால் மணி நேரம் ஆகல," என்றாள். "அதுவரைக்கும் யாரும் ஏறக்கூடாது."