ஒற்றைக்கால் பூட்ஸ்

என் இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில் பூட்ஸ் ஏறியது எனக்கு இருபது வயதானபோதுதான். தொண்ணூறுகளின் கடைசியில், கொழும்பில், முதல்தரப் பிரிவில் ஆடும் பெரிய கழகம் ஒன்றின் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து நாடாவைக் கட்டினேன். எழுந்து நடந்தால் இடது கால் யாருடையதோ போல இருந்தது. மைதானத்தில் முதல் பந்தை உதைக்கப் போய், ஊன்றிய இடது கால் புல்லில் மாட்டிக்கொள்ள, எல்லோருக்கும் முன்னால் குப்புற விழுந்தேன். சிரித்தார்கள். புதுப் பூட்ஸ், இன்னும் பழகவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றைக்கு நான் சொன்ன பொய்களில் அதுதான் சின்னது.

நமுனுகுல மலைச்சரிவில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து அணிக்கு மொத்தமே ஐந்து சோடி பூட்ஸ். பதுளையில் ஒரு பாடசாலை கழித்துப் போட்டவற்றை மச்சான் கேட்டு வாங்கி வந்திருந்தார். ஐந்து சோடியில் பத்து பூட்ஸ். கோல் காப்பவரை விட்டால் களத்தில் ஓடுகிறவர்கள் பத்துப் பேர். ஆளுக்கு ஒன்று. அடிக்கிறவர்களுக்கு வலது, தடுக்கிறவர்களுக்கு இடது. தடுக்கிறவன் வழுக்காமல் ஊன்றி நின்றால் போதும் என்பது எங்கள் ஏற்பாடு. பூட்ஸ் பெரிதாக இருந்தால் கந்தலைத் திணித்துக்கொள்வோம், சிறிதாக இருந்தால் விரலை மடக்கிக்கொள்வோம். நாங்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே இருந்த மைதானத்தில் ஒரு பக்கத்துக் கோல் மற்றதைவிட ஓர் ஆள் உயரத்தில் இருக்கும். அந்தச் சரிவில் ஒற்றைப் பூட்ஸோடு ஓடியவனுக்குப் பதுளையின் சமதரை ஒரு பொருட்டே இல்லை. மாவட்ட லீக்கின் இரண்டாம் பிரிவில் பட்டணத்து அணிக்காரர்கள் எங்கள் கால்களைப் பார்த்து முதல் பத்து நிமிடம் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குச் சிரிக்க நேரம் இருக்காது.

மச்சான் என் அக்காவின் கணவர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் பகுதியில் வேலை. எங்கள் அணியின் தலைவரும் கோல் காப்பவரும் அவர்தான். கடிதம் எழுதுவது, பஸ்ஸில் இடம் பிடிப்பது, பந்துக்குத் தையல் போடுவது எல்லாமும் அவர்தான். பத்து பூட்ஸையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு கோலில் போய் நிற்பார். "எனக்குக் கைதான் மாப்ள வேல, காலுக்கு எதுக்கு அலங்காரம்?" என்பார். ஒரு மழை நாளில் எதிரணிக்காரன் ஒருவனின் பூட்ஸ் ஆணி அவர் பாதத்தில் ஏறி, கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. படியில் தடுக்கிவிட்டது என்று அக்காவிடம் சொன்னார். அக்கா நம்பவில்லை, ஆனால் நம்பியது போல மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். மறுநாள் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனார். போட்டிக்காக மத்தியானத்தோடு வேலையை விட்டு வந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். அப்படி எத்தனை பாதிகளை அவர் அந்தப் பந்துக்காக விட்டார் என்று அக்காவுக்குத்தான் தெரியும்.

அந்த வருடம் நாங்கள் இரண்டாம் பிரிவில் முதலாவதாக வந்தோம். அடுத்த பருவத்தில் மாவட்டத்தின் முதலாம் பிரிவு. தோட்டத்து அணி ஒன்று அங்கே போவதை எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் முதலாம் பிரிவில் ஒரு விதி இருந்தது: பதினொருவருக்கும் இரண்டு காலிலும் பூட்ஸ் இருக்க வேண்டும். அதே சமயத்தில்தான் பதுளைக்குக் காட்சிப் போட்டி ஆட வந்த கொழும்புக் கழகம் என்னைப் பார்த்துவிட்டு அழைத்தது. நான் போவதற்கு என் கழகம் விடுதலைக் கடிதம் தர வேண்டும். சும்மா தராதே, நல்ல தொகையாகக் கேள் என்று பட்டணத்தில் சிலர் மச்சானுக்கு யோசனை சொன்னார்கள். "பொண்டாட்டி தம்பிய வித்தா வீட்டுல சோறு கெடைக்குமா?" என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தெமோதரை ஸ்டேஷனில் கோச்சி வண்டிக்குக் காத்திருக்கும்போதுதான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவங்ககிட்ட பழைய பூட்ஸ் கிடந்தா கேட்டுப் பாரு மாப்ள. கிழிஞ்சதா இருந்தாலும் பரவாயில்ல, தச்சுக்கலாம். அது மட்டும் இருந்தா நாம மேல ஆடிரலாம்."

கொழும்பில் நான் விழுந்து எழுந்த அன்று பிற்பகல், கழகத்தின் மனேஜர் என்னைச் சாமான் அறைக்குக் கூட்டிப் போனார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க உத்தியோகத்தில் பெரிய பதவியில் இருந்தவர், தங்கமான மனிதர். அந்த அறையில் சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டு முழுக்க பூட்ஸ். உதவி செய்யும் கம்பனி மாறினால் நிறமும் மாறுமாம். போன வருடத்தவை அப்படியே கிடந்தன. சிலவற்றில் மண்கூடப் படவில்லை. மச்சான் ஒருமுறை அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். மனேஜர் சொன்னார்: "தம்பி, ஒரு கழகத்திட்ட இருந்து பிள்ளையை எடுக்கேக்க வெறுங்கையோட எடுக்கக் கூடாது. உங்கட ஆக்களுக்கு பூட்ஸ் தரட்டோ? பதினைஞ்சு சோடி இப்பவே கட்டித் தரலாம்." கேட்கப் போன வரம் தானே வந்து கையை நீட்டுகிறது. நான் வாயைத் திறக்கும்போது, கதவோரம் நின்ற வீரர்களில் ஒருவன் கேட்டான்: "தோட்டத்துல பூட்ஸ் எல்லாம் போட்டா விளையாடுறீங்க?" மற்றவர்கள் சிரித்தார்கள். காலையில் நான் விழுந்தபோது சிரித்த அதே சிரிப்பு. என் முகம் எரிந்தது. "எங்களுக்கு எல்லாம் இருக்கு சேர்," என்றேன். "எங்க தொரை வாங்கிக் குடுத்திருக்காரு. ஒண்ணும் தேவையில்ல."

மனேஜர் முகம் மலர்ந்தது. நல்ல தோட்டம், நல்ல துரை என்றார். தோட்டத்தை நிர்வகித்த எங்கள் துரைக்கு அப்படி ஓர் அணி இருப்பது தெரியுமா என்பதே சந்தேகம். பூட்ஸுக்குப் பதிலாக, கொழும்பு அணியின் படத்தைச் சட்டம் போட்டு எங்கள் கழகத்துக்கு அன்பளிப்பாகத் தந்தார். முதல் விடுமுறையில் அதைச் சுமந்துகொண்டு தோட்டத்துக்குப் போனேன். மச்சான் படத்தை வாங்கித் துடைத்துப் பார்த்தார். பிறகு என் பையைப் பார்த்தார். கேட்கவே இல்லை என்று சொன்னால் தானே கடிதம் எழுதிவிடுவாரோ என்று பயம். அதனால், "கேட்டேன் மச்சான், இல்லைன்னுட்டாங்க," என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்! அவர் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். "பரவாயில்ல விடு. பெரிய கிளப்புன்னா செலவும் பெருசா இருக்கும்ல, பாவம்," என்றார். அந்தக் கழகத்துக்காக அவர் பரிதாபப்பட்டார். நான் அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

முதலாம் பிரிவின் முதல் போட்டியன்று நான் கொழும்பில் இருந்தேன். நடந்ததை அக்காதான் பிறகு சொன்னாள். இருந்த ஐந்து சோடியை ஐந்து பேர் போட்டுக்கொண்டார்கள். மீதி ஆறு பேருக்கு, மலையில் மருந்தடிக்கிறவர்கள் போடும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸை மச்சான் ஸ்டோரில் இரவல் வாங்கி, கணுக்காலோடு வெட்டி, அடியில் டயர்த் துண்டுகளைத் தைத்திருந்தார். இரண்டு வாரம் வேலை முடிந்து வந்து அதையே செய்தார் என்றாள். பதுளை மைதானத்தில் நடுவர் எல்லோரையும் வரிசையாக உட்காரச் சொல்லிப் பாதத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னார். பார்க்க வந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. போட்டி நடக்கவில்லை, எதிரணிக்கு வெற்றி கொடுத்துவிட்டார்கள். அடுத்தடுத்த இரண்டு போட்டிகளும் அப்படியே போக, எங்கள் பெயரை லீக்கில் இருந்து வெட்டினார்கள். இரவல் வாங்கிய ரப்பர் பூட்ஸை வெட்டியதற்காக மச்சானை ஒரு மாதம் வேலையில் இருந்து நிறுத்தினார்கள். அணியும் அத்தோடு போயிற்று. பையன்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்கு வந்துவிட்டார்கள்.

நான் கொழும்பில் மூன்று பருவம் இருந்தேன், பாதி நாள் மாற்று வீரர்களோடு உட்கார்ந்துதான். பயிற்சி முடிந்தால் அவித்த முட்டையும் பாலும் வரும். கணுக்காலுக்குச் சுற்றும் ஒட்டுப்பட்டையை ஒருமுறை சுற்றிவிட்டு மிச்சத்தை எறிந்துவிடுவார்கள். நான் மட்டும் யாரும் பார்க்காதபோது மிச்சச் சுருளைப் பையில் போட்டுக்கொள்வேன். பெரிய கழகத்துக்கும் சின்னக் கழகத்துக்கும் இடையிலுள்ள பண வித்தியாசத்தைப் பற்றி யாராவது பேசினால் எனக்குத் தலையாட்ட முடிவதில்லை. அந்தக் குழியின் மேல் பாலம் போட ஒருவர் பலகையோடு வந்து நின்றார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவன் நான்.

முழங்கால் போன பிறகு மனேஜர்தான் எனக்கு ஓர் அலுவலகத்தில் வேலை எடுத்துக் கொடுத்தார். சில வருடம் கழித்து, தோட்டத்தில் நடந்த என் கல்யாணத்துக்கும் வந்தார். ஓய்வு பெற்றிருந்தார், கையில் தடி. தெமோதரைக்குப் போய் அவரைக் கூட்டி வந்தது மச்சான்தான். கோயில் மண்டபத்தில் பகல் சாப்பாடு. மச்சான் பக்கத்தில் நின்று பரிமாற, நான் எதிரே மாலையோடு உட்கார்ந்திருந்தேன். மனேஜர் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே போனார்: "உங்கட கழகத்தைப் பற்றித் தம்பி பெருமையாச் சொன்னவர். நான் பதினைஞ்சு சோடி பூட்ஸ் தாறன் எண்டனான், எங்களுக்கு எல்லாம் இருக்கு, வேண்டாம் எண்டிட்டார். அப்பிடி ஒரு ரோசம்!"

கரண்டி அந்தரத்தில் நின்றது. மச்சான் என்னைப் பார்க்கவில்லை. அதற்காகவே அவரை இன்னும் நேராகப் பார்க்க முடியவில்லை எனக்கு. குனிந்து இலையில் கறியை வைத்தார். "ஆமாங்க ஐயா," என்றார். "அப்ப எங்களுக்குத் தேவப்படலீங்க."

மனேஜரைக் கோச்சி ஏற்றிவிட்டு வந்த பிறகு, மண்டபத்தில் ஆட்கள் உட்கார்ந்த கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த மச்சானிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். என் வாயில் வந்தது "மச்சான்" என்ற ஒரு சொல்தான். அவர் கதிரையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பதினஞ்சு சோடின்னாரா மாப்ள?"

"ஆமா மச்சான்."

மனதுக்குள் ஒவ்வொரு ஆளாக நிறுத்திப் பார்க்கிறார் என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது.

"அப்ப எனக்கும் ஒண்ணு இருந்திருக்கும்," என்றார். பிறகு அடுத்த கதிரையைத் தூக்கினார்.